தட்டிவிட்ட கல்

குடை. மலையேற வந்த இடத்தில் குடை. அதுவும் ஏதோ நகைக்கடைக்காரன் அட்சய திருதியைக்கு இலவசமாகக் கொடுத்த சிவப்புக் குடை, கடைப்பெயர் கொட்டை எழுத்தில். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மதுரையில் டவுன் பஸ் பிடிக்கப் போகிறவர் மாதிரி தெய்வேந்திரன் முன்னால் நடந்துகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் ஒரே நிறத்தில் பனியன் போட்ட பத்துப் பன்னிரண்டு பேர். கிளிப்பச்சை. யார் தேர்ந்தெடுத்த நிறமோ தெரியவில்லை, ஸ்காட்லாந்து மலை முழுக்கத் தனக்கென்றே ஒரு பச்சை வைத்திருக்கும்போது இவர்கள் போய் ஒரு கிளிப்பச்சையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அருஞ்சுனை போட்டுக்கொள்ளவில்லை. அவனிடம் தண்ணீர் புகாத சாம்பல் நிறச் சட்டை இருந்தது, கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் இருந்தது, ஊன்றுகோல் இரண்டு இருந்தன, பையின் வாரில் ஒரு திசைகாட்டி தொங்கியது. ஆபீசில் கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரனிடம் கேட்டுக் கேட்டு வாங்கியவை. அந்த வெள்ளைக்காரன் அவனை அருண் என்றுதான் கூப்பிடுவான். கடைசியில், நாகர்கோவில் பையன் ஜோயல், முதுகில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வந்தான். ஸ்பீக்கர் ஊரில் கல்யாண மண்டபத்து வாசலில் பாடுகிற அத்தனை பாட்டையும் பாடியது. எதிரே இறங்கி வந்த ஒரு கிழத் தம்பதி சிரித்து, கையசைத்துவிட்டுப் போனார்கள். மரியாதைக்குச் சிரிக்கிறார்கள், மடையா. அவர்கள் சிரிப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய் வாட்ஸப்பில் போடு, வெள்ளைக்காரர்கள் நம் பாட்டுக்கு ஆடினார்கள் என்று. இந்தக் கூட்டத்தோடு இனி ஒரு வேளை சோறு தின்பதில்லை என்று அருஞ்சுனை ஏப்ரலிலேயே சத்தியம் செய்திருந்தான். ஆனால் போன வியாழக்கிழமை பகவதி அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "சனிக்கிழம தெய்வேந்திரன் அண்ணன்கூட மலைக்குப் போறேன்" என்றாள். போலாமா என்று கேட்கவில்லை. வாறீங்களா என்று கேட்கவில்லை. போறேன். அந்தச் சொல் அவன் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. அதனால் வந்திருக்கிறான், பெண்டாட்டி போகிற இடத்துக்குப் பின்னாலேயே, கூப்பிடாத விருந்தாளியாக.

ஏப்ரலிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை. சண்டை என்றால் பரவாயில்லை, சண்டையில் அவன் தோற்றதே கிடையாது. இது சண்டையில்லை. சாப்பாடு இருக்கு. பால் தீந்துருச்சு. குப்பைவண்டி நாளைக்கு. இவ்வளவுதான். ராத்திரி பின்னறையில் படுத்துக்கொள்கிறாள், உங்க குறட்டை என்றாள், ஒன்பது வருஷமாக இல்லாத குறட்டை. குழந்தை குட்டி இருந்தால் அதைச் சாக்கிட்டாவது வீட்டில் நாலு வார்த்தை புழங்கும், அதுவும் இல்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. பயம் என்று அவன் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை, எரிச்சல் என்று சொல்லிக்கொண்டான். இன்றைக்கு மேலே போனதும், காற்றில், நாலு பேர் நடுவில், அவளாக வந்து ஒரு வார்த்தை பேசிவிடுவாள், போட்டோ எடுங்க என்றாவது சொல்வாள், சொன்னால் போதும், அவன் பெருந்தன்மையாக எடுத்துக்கொடுப்பான், அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதற்காகத்தான் விடியுமுன் எழுந்து காரை எடுத்தான். ஆனால் அவனுக்கும் முன்னால் அவள் எழுந்திருந்தாள். வீடெல்லாம் நெய் வாசனை. சர்க்கரைப் பொங்கல். மலைக்கு யாராவது சர்க்கரைப் பொங்கல் தூக்கிக்கொண்டு போவார்களா? போவார்கள், இவர்கள் போவார்கள். மலையடிவாரத்தில் கார்களை நிறுத்தியதும் தூக்குச்சட்டியைத் திறந்து எல்லாருக்கும் காகிதக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள். தெய்வேந்திரன் வாய் நிறையப் போட்டுக்கொண்டு, "என்ன தங்கச்சி விசேசம்?" என்று கேட்டார். "சும்மாத்தாண்ணே" என்றாள். சொல்லும்போது தெய்வேந்திரனின் மனைவி மீனலோசனியைப் பார்த்தாள், மீனலோசனி கீழே பார்த்தாள். "மாப்ள, நீங்க வாங்கலையா?" என்றார் தெய்வேந்திரன். மாப்ள. இந்த ஆள் யாரைக் கேட்டுப் பகவதியைத் தங்கச்சியாக்கினார், யாரைக் கேட்டு இவனை மாப்பிள்ளையாக்கினார்? ஒரு தமிழ்க்கடையில் முருங்கைக்காய் வாங்குகிற இடத்தில் பார்த்த பழக்கம். விசாரித்ததில் கோவில்பட்டியில் யாரோ அவருக்கும் தெரிந்தவர், இவளுக்கும் தெரிந்தவர். அவ்வளவுதான், உறவு முறை கொண்டாடக் கிளம்பிவிட்டார். ஒவ்வொரு தடவை மாப்ள என்னும்போதும் அவனுக்கு முதுகில் யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி இருக்கும். "எனக்குக் காலையில இனிப்பு ஆகாது" என்றான். பகவதி மீதியை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். வற்புறுத்தவில்லை.

ஏப்ரலில் நடந்தது ஒன்றுமே இல்லை. அது வேறு மலை, சின்ன மலை. உச்சிக்குப் பக்கத்தில் இவள் குனிந்து குனிந்து தட்டைக் கற்களாகப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஊரில் மலைக்கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் சனங்கள் அடுக்கி வைத்திருப்பார்களே, சொந்த வீடு வேண்டும் என்று, எத்தனை கல்லோ அத்தனை மாடி என்று, அதேதான். அதை இங்கே வந்து செய்கிறாள். இங்கே கல் குவியல் என்றால் வழி. பனிமூட்டத்தில் ஆள் தடம் மாறிவிடக் கூடாதென்று இருநூறு, முந்நூறு வருஷமாக வைத்திருக்கிற அடையாளம். கேர்ன் என்பார்கள். கண்ட இடத்தில் கல்லை அடுக்கினால் எவனாவது அதை நம்பிப் போய்ப் பள்ளத்தில் விழுவான். இதை அவன் எல்லாருக்கும் கேட்கும்படி, நல்ல தமிழில், சிரித்துக்கொண்டேதான் விளக்கினான். விளக்கிவிட்டு, இப்படித் தப்பான கல்லைப் பார்த்தால் தட்டிவிட வேண்டும், அதுதான் மலை நாகரிகம் என்று சொல்லி, பூட்ஸ் காலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினான். லேசாகத்தான். கற்கள் சரிந்து புல்லில் உருண்டன. "மூணு படுக்கையறை வீடு வாங்கிப் போட்டிருக்கேன், அப்புறமும் இவளுக்கு வீடு வேணுமாம்" என்றான். ஜோயல் சிரித்தான். இன்னும் ரெண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயம்தானே? பகவதி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கா ஆறு மாசம்? அதுவல்ல, வேறு ஏதோ இருக்கும் என்று அவன் தேடிப் பார்த்திருக்கிறான். போன வருஷம் அவன் ஆபீஸ் விருந்தில் அவளை அறிமுகப்படுத்தும்போது, பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லக் கூச்சப்பட்டு, கல்வித் துறையில் இருக்கிறாள் என்றானே, அதுவா? தாவரவியல் படித்தவள் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிறாள், அதை வேறு எப்படிச் சொல்வது? அவளுடைய ஆங்கிலத்தை அவன் நடுவில் நிறுத்தித் திருத்துவானே, அதுவா? திருத்தாவிட்டால் யார் திருத்துவார்கள்? தேடத் தேட, அதுவா அதுவா என்று ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது, பதில்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. வீடு இருக்கிறவள் எதற்கு வீடு கேட்டாள்? கேட்டது எத்தனை மாடி என்று அவன் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பி ஒரு வீடு கட்ட ஆசைப்பட்டிருப்பாள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று முடிவுகட்டி வைத்திருந்தான். இப்போது ஏறும்போது அந்த முடிவு திரும்பவும் அவிழ்ந்துகொண்டது.

பாதி மலையில் பகவதி பாதையை விட்டு விலகி இடப்பக்கம் பாறைகளுக்குப் பின்னால் போனாள். அவன் நின்றான். மீனலோசனி, "வந்துருவா, நீங்க நடங்க" என்றாள். அவனுக்குப் புரிந்தது. காலையிலிருந்து ஆளாளுக்கு பிளாஸ்க் பிளாஸ்க்காகத் தேநீர் குடித்தால் இப்படித்தான், மலையெல்லாம் ஒதுங்க இடம் தேட வேண்டும். நல்லவேளை வெள்ளைக்காரர்கள் யாரும் அப்போது வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. ஏறியதில் கன்னம் சிவந்து, பத்து வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போன அன்று காப்பித் தட்டோடு வந்து நின்ற முகம். அன்றைக்கு அவன் காப்பியில் சர்க்கரை அதிகம் என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவனுக்கு இப்போது ஏன் அது ஞாபகத்துக்கு வருகிறது? உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. இவர்கள் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். அவித்த முட்டை, அப்பளம். ஆயிரம் மீட்டருக்கு மேலே அப்பளம், அதுவும் நொறுங்காமல் டப்பாவில் வைத்து. ஒருத்தி மாமியாருக்கு வீடியோ போட்டு, "பாருங்கத்தை, மேகம்லாம் கீழ இருக்கு" என்று கத்தினாள். அத்தைக்கு மேகம் தெரிந்ததோ இல்லையோ, இவளுடைய மூக்குத் துவாரம் தெரிந்திருக்கும். அவன் தள்ளிப்போய் ஒரு பாறையில் உட்கார்ந்து உலர்பழக் கட்டியைக் கடித்தான். அது அட்டை மாதிரி இருந்தது. ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பகவதி வருவாள் என்று திரும்பாமல் காத்திருந்தான். முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. ஜோயல். "அண்ணே, புளியோதர. அக்கா தந்துவிட்டாவ." தந்துவிட்டாள். ஆள் வழியாக. "எனக்கு வேண்டாம்" என்றான். வயிறு அப்போதே சத்தம் போட்டது.

மேகம் கீழே இருந்தது மேலே வந்தது. வந்த வேகத்தில் முதலில் எதிர்மலை போயிற்று, பிறகு பள்ளத்தாக்கு, பிறகு பத்தடி தள்ளி நின்றவர்களின் முகம். தெய்வேந்திரன் குடையை விரித்து, "யாரும் நகராதீக. எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். கொஞ்சம் வெலகட்டும், சேந்து எறங்கலாம்" என்றார். கோழிக்குஞ்சுகள் மாதிரி எல்லாரும் குடையைச் சுற்றி நெருங்கினார்கள். இவர்களுக்கு மேகமென்றால் உட்கார வேண்டும், மழையென்றால் ஒதுங்க வேண்டும். "வழிதான் கல்லு வெச்சுக் காட்டியிருக்கே, ஒண்ணுலருந்து ஒண்ணு பார்த்து எறங்க வேண்டியதுதானே. நான் போறேன்" என்றான். போறேன் என்று சொன்னபோது வியாழக்கிழமைக்குப் பழிவாங்கிய மாதிரி ஒரு சுகம். பிறகு தணிந்த குரலில், மற்றவர்களுக்குக் கேட்காமல், "வா" என்றான். அவள் கிளிப்பச்சைப் பனியனுக்கு மேல் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக் கட்டியிருந்தாள். அவனைப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை, தெரிந்தவர்களை ரயில் ஏற்றிவிட வந்தவர்கள் பார்ப்பார்களே, அப்படி. "நீங்க போங்க" என்றாள்.

முதல் கல் குவியல் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. பார்த்தாயா, இவ்வளவுதான். இதற்குப் போய்க் குடை விரித்து மாநாடு போடுகிறார்கள். நாலாவது வரவில்லை. நின்று பார்த்தான், சுற்றிலும் பால். போனை எடுத்தான், வரைபடமெல்லாம் முன்னாலேயே இறக்கி வைத்திருந்தான், ஆனால் ஈரவிரலுக்குத் திரை அசையவில்லை, சட்டையில் துடைத்தால் சட்டை தண்ணீரை உள்ளே விடாததோடு உறிஞ்சவும் மாட்டேனென்றது. திசைகாட்டியின் முள் ஆடி ஆடி ஒரு பக்கம் நின்றது. வடக்கு. சரி, வடக்கு. கார் எந்தத் திசையில் இருக்கிறது? அதை அவன் காலையில் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. பையில் தொங்குவதற்காக வாங்கியது, தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குள் வேர்வை குளிர்ந்தது. ஒன்றுமில்லை, எரிச்சல். இல்லை, பயம். பயமாகத்தான் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, சொல்லிக்கொள்ளலாம், எனக்குப் பயமாக இருக்கிறது. அப்போது வலப்பக்கம் மங்கலாக ஓர் அடுக்கு தெரிந்தது. அப்பாடா என்று புல்லில் வழுக்கி, சேற்றில் முழங்கால்வரை ஒரு கால் இறங்கி, பாறைகளைப் பிடித்துப் பிடித்து அதனிடம் போய்ச் சேர்ந்தான். அதற்கு அப்பால் தரை இல்லை. கீழே எங்கோ தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த பிறகுதான் அடுக்கைப் பார்த்தான். நாலைந்து கற்கள், முழங்கால் உயரம்கூட இல்லை. மேல்கல்லில் குங்குமம் வைத்திருந்தது, ஈரத்தில் கரைந்து ஒரு கோடாக வழிந்திருந்தது. கீழே அலுமினியத் தாளில் ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கல், மேலே ஒரு முந்திரி.

எரிச்சல்தான் முதலில் வந்தது, பழகிய நாய் மாதிரி ஓடி வந்தது. சொன்னேனா இல்லையா, எவனாவது நம்பிப் போய் விழுவானென்று? கால்கூடத் தானாகத் தூக்கிக்கொண்டது, உட்கார்ந்தபடியே, பூட்ஸ் முனை கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில். அப்புறம் யோசித்தான். அவள் வழியில் வைக்கவில்லை. வழியை விட்டு விலகி, பாறைக்குப் பின்னால், யார் காலும் படாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். யார் காலும் என்றால், அவன் கால். பெண்டாட்டி கல்லை ஒளித்து வைக்க வேண்டிய ஆளாக அவன் இருந்திருக்கிறான். காலை இறக்கிக்கொண்டான். வீடு இருக்கிறவள் எதற்கு வீடு கேட்கிறாள்? திரும்பவும் கேட்டிருக்கிறாள். மூன்று படுக்கையறை, பின்னால் புல்வெளி, தரையைச் சூடாக்கும் ஏற்பாடு. பளபளவென்று இருக்கிறது. அதில் அவள் எங்கே உட்காருவாள்? யோசித்துப் பார்த்தால் அடுப்படியில் ஒரு முக்காலி. டி.வி. முன்னால் உட்கார்ந்தால் அவன் அவள் பார்க்கிற நாடகத்தைக் கேலி செய்வான், தோட்டத்தில் உட்கார்ந்தால் ஊருக்கு இவ்வளவு சத்தமாகவா பேசுவது என்பான். முக்காலியை அவன் ஒன்றும் சொன்னதில்லை. குளிரில் பல் கிட்டியது. பசித்தது. பொங்கல் இருந்தது. சாமிக்கு வைத்ததா, மலைக்கு வைத்ததா, எதுவோ, ஏப்ரலில் அவள் இப்படிப் பொங்கலெல்லாம் வைக்கவில்லையே என்று ஒரு நினைப்பு ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. நாலா பக்கமும் பார்த்துவிட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நன்றாக இருந்தது. மூடனே, நன்றாக இருக்கிறது என்று ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். ஏலக்காய் அதிகமென்று சொல்லியிருக்கிறாய். விரலில் ஒட்டிய நெய்யை நக்கிக்கொண்டு, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், அவன் தன்னைப் பார்த்தான். நாலு பேர் சிரிக்கும்படி இருந்தது. இறங்கிப் போனதும் சொல்லிவிட வேண்டும். மன்னிப்பென்று பெரிதாக வேண்டாம், கல்லைத் தட்டியிருக்கக் கூடாது என்று சொன்னால் போதும், அவளுக்குப் புரியும்.

மேலேயிருந்து பாட்டு வந்தது. கல்யாண மண்டபத்துப் பாட்டு, ஸ்பீக்கரின் முழுச் சத்தத்தில். நடுநடுவே ஜோயலின் குரல், "அண்ணே! கேக்குதா அண்ணே!" சேர்ந்து இறங்குகிறார்கள். அவன் உடனே பதில் கொடுக்கவில்லை. அவர்கள் கடந்து போகட்டும், பின்னாலேயே போய், முன்னால் வந்து காத்திருந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தான். பாட்டு நெருங்கியது, நேராக வந்தது, பிறகு விலகத் தொடங்கியது. "இங்க!" என்று கத்தினான். குரல் பாதியில் கீச்சென்று உடைந்தது. "இங்க இருக்கேன்!" பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள் சிவப்பாக ஒன்று அசைந்தது. தெய்வேந்திரன் குடையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தே, கையும் காலுமாகத் தவழ்ந்து, அவன் பாதைக்கு வந்தான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. யாரோ ஒரு துண்டைக் கொடுத்தார்கள்.

கீழே மூட்டமே இல்லை. வெயில்கூட அடித்தது. மற்றவர்கள் பூட்ஸைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருக்க, பகவதி அவன் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வந்துவிட்டாள், அவளாகவே வந்துவிட்டாள். அவன் வாயைத் திறந்தான்.

"பொங்கலச் சாப்ட்டீங்களா?" என்றாள்.

அவன் மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"கல்லு நிக்கா?"

"நிக்குது. நான் ஒண்ணும் பண்ணல. பகவதி, ஏப்ரல்ல நான் அதத் தட்டியிருக்கக் கூடாது."

"தட்டுனது தட்டுனதுதான், விடுங்க. அப்படியும் கேட்டது கெடச்சிருச்சு. கெடச்சதுக்குத்தான் இன்னைக்குப் பொங்கல் வச்சேன்."

"என்ன கெடச்சது?" பதில் தெரியாமல் அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"ரூமு. ஸ்கூலுக்குப் பக்கத்துல. சின்னதுதான். ஜன்னல் இருக்கு." தாலாட்டுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "இப்படியே அண்ணன் வண்டியில போயிருதேன். துணிமணியெல்லாம் போன வாரமே கொண்டு வச்சாச்சு."

போன வாரமே. குடையில் எந்தக் கடைப்பெயர் என்று அவனுக்குத் தெரியும். அப்பளம் எந்த டப்பாவில் வந்தது என்று தெரியும். பின்னறை அலமாரி காலியானது தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும், சுள்ளென்று, நாலு பேர் சிரிக்கிற மாதிரி, ஒரு ரூமில் எத்தனை மாடி கட்டப்போகிறாய் என்கிற மாதிரி. நாக்கில் ஏலக்காய் ருசிதான் இருந்தது. அவள் போய் மீனலோசனிக்குப் பக்கத்தில் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். தெய்வேந்திரன் குடையை மடக்கி உதறி டிக்கியில் போட்டுவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு அவனிடம் வந்தார். அவன் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே எதையோ பார்த்தார்.

"பாத்து ஓட்டிட்டுப் போங்க, அருஞ்சுனை சார்" என்றார்.